மடித்துப் போட்ட ஜோடி ஜாக்கி

பல் செட்டு செய்யும் லேபில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடும். யார் சிரித்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், பல்லைத்தான் பார்ப்பார்கள். பெரியவளும் அப்படித்தான். கொழுந்தன் கல்யாணம் முடித்துக்கொண்டு வந்த அன்று புதுப்பெண் வாசலில் நின்று சிரித்தபோது, மேல்வரிசையில் துருத்திக்கொண்டிருந்த ஒரு தெத்துப்பல்தான் இவள் கண்ணில் முதலில் பட்டது. பரவாயில்லை, இவளுக்கும் ஒரு கோணல் இருக்கிறது என்று நெஞ்சு கொஞ்சம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி சாயங்காலம் வரைகூட நிற்கவில்லை. வந்துபோன சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒன்றையே சொன்னார்கள்: "அந்தத் தெத்துப்பல்லுதான் பொண்ணுக்கு அழகே."

பெரியவளின் பல்வரிசை அச்சில் வார்த்தது போல இருக்கும். அதைப் பற்றி அந்த வீட்டில் இதுவரை ஒருவரும் வாய் திறந்ததில்லை.

பெரியவள், சின்னவள் என்பதெல்லாம் மாமியார் வைத்த பெயர். பெரிய மருமகள், சின்ன மருமகள் என்று முழுசாகச் சொல்ல அவருக்குப் பொறுமை கிடையாது. கீழ்வீட்டில் பெரியவள் குடும்பம், மேல்வீட்டில் சின்னவள் குடும்பம். பகலெல்லாம் கீழே உட்கார்ந்து முழங்கால் வலி என்று முனகிக்கொண்டிருக்கும் மாமியார், மேலே சின்னவள் வேலை முடிந்து வந்த சத்தம் கேட்டதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று படியேறிவிடுவார். "கொஞ்ச நேரம் சிரிச்சுப் பேசிட்டு வரேன்" என்பார். அப்போது கீழே இருந்த நேரத்துக்கு என்ன பெயர் என்று பெரியவள் கேட்டதில்லை. கேட்காமல் முழுங்கியதெல்லாம் வயிற்றில்தானே போய்ச் சேரும்.

சின்னவளுக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. எவ்வளவு குறுகலான சந்தாக இருந்தாலும் ஒரே திருப்பில் காரைச் செருகிவிட்டு இறங்குவாள். அவளிடம் கற்றுக்கொண்டவர்கள் தெருவில் பார்த்தால் ஹாரன் அடித்துக் கையாட்டுவார்கள். பெரியவள் செய்து கொடுத்த பல்லை மாட்டிக்கொண்டு ஊரில் எத்தனையோ பேர் மென்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அவள் முகம் தெரியாது.

தனக்கென்று அவள் வைத்திருந்தது சீட்டு ஒன்றைத்தான்.

மரச்சாமான் கடை ஒன்றின் மேல்மாடியில் ஒரு சீட்டுக் கிளப். ஞாயிற்றுக்கிழமை தோறும் அங்கே போக்கர் போட்டி நடக்கும். பெரியவள் வருஷக்கணக்காகப் போய்க்கொண்டிருந்தாள். அவள் ஆட்டம் பொறுமையான ஆட்டம். சரியான சீட்டு வரும்வரை பந்தயம் கட்டாமல் சீட்டை மடித்துப் போட்டு விலகிக்கொண்டே இருப்பாள். சில நாள் வீட்டுக்குத் திரும்பும்போது மடித்ததைத் தவிர வேறெதுவும் செய்திருக்கமாட்டாள். ஆனால் அந்த மாடியில் அவளை யாரோடும் யாரும் ஒப்பிட்டதில்லை. அதற்காகவே போனாள்.

ஒரு மழை நாளில் சின்னவள் கீழே இறங்கி வந்து, "எனக்கும் அந்த ஆட்டத்தைச் சொல்லிக்குடுங்கக்கா, பொழுதே போகல" என்றாள். முடியாது என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. பெரியவள் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. சமையலறை மேசையில் உட்காரவைத்து, எந்தச் சீட்டுக்கு எது பெரிது, எப்போது பந்தயத்தை ஏற்றுவது, எப்போது மடிப்பது என்று எல்லாம் தன் வாயாலேயே சொல்லிக்கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறே சின்னவள் கிளப்புக்கு வந்துவிட்டாள். சொல்லிக்கொடுத்ததில் பாதியை மறந்துவிட்டுத்தான் ஆடினாள். எந்தக் குப்பைச் சீட்டோடும் உள்ளே நுழைவாள். எல்லாருக்கும் பொதுவாக மேசையில் விரிக்கும் ஐந்து சீட்டில் கடைசியானது திரும்பும்போது அவளுக்கு வேண்டியதே வந்து விழும். கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். மேல்வீட்டில் கூரை என்று ஒன்று இன்னும் மிச்சமிருப்பதே பெரியவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

சில மாதங்களில் கிளப்பே அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. கண்ணாடிக் கடைக்காரர் அவளுக்காக நாற்காலி பிடித்து வைத்தார். அத்தனை வருஷம் பெரியவளுக்கு ஒரு வணக்கத்தோடு நிறுத்திக்கொண்ட லிஃப்ட் மெக்கானிக், "உங்க தங்கச்சி இன்னிக்கு வரலையா?" என்று அவளிடமே கேட்டார். "தங்கச்சி இல்ல, ஓரகத்தி" என்று இவள் திருத்தினாள். அந்தச் சொல்லைப் பல்லில் வைத்துக் கடித்த மாதிரித்தான் சொன்னாள்.

வருஷத்துக்கு ஒருமுறை கிளப்பில் பெரிய போட்டி வரும். அதில் பணமோ கோப்பையோ கிடையாது. கடைசியில் மிஞ்சும் ஐந்து பேரையும் கடற்கரை நகரம் ஒன்றில் நடக்கும் பெரும்போட்டிக்குக் கிளப்பே அனுப்பிவைக்கும். பயணம், ஹோட்டல் அறை, ஆட்டத்தில் ஓர் இடம், எல்லாம் இனாம். ஐந்து பேருக்கும் ஒரே பரிசுதான். சிப் என்னும் பந்தய வில்லைகளை மலை மாதிரி குவித்து ஐவரில் ஒருவராக வந்தாலும், ஒரே ஒரு சிப்போடு ஒட்டிக்கொண்டு வந்தாலும் பரிசில் வித்தியாசமில்லை. ஆறாவதாகப் போகிறவருக்குத்தான் ஒன்றுமில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிற அந்த இடத்துக்கு ஆட்டக்காரர்கள் பபிள், அதாவது நீர்க்குமிழி, என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உடைந்தால் உள்ளே ஒன்றுமிருக்காது.

அந்த ஞாயிறு மத்தியானம் பெரியவள் நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தாள். முன்னால் சிப்புகள் ஒழுங்காக அடுக்கடுக்காக நின்றன. கையில் ஜோடி ராஜா வந்தபோது சின்னவள் எதிரே பந்தயம் ஏற்றினாள். பெரியவள் தன் அடுக்கில் பெரும்பகுதியைத் தள்ளினாள். சின்னவள் கையில் இருந்தது ஒன்பதும் நாலும். மேசையில் ஏற்கெனவே ஓர் ஒன்பது கிடக்க, கடைசிச் சீட்டாக இன்னொரு நாலு வந்து, இரண்டு ஜோடியாகி, ராஜாக்கள் இரண்டு பேரும் தலை குனிந்தார்கள்.

"ஐயோ, சாரிக்கா" என்று சொல்லிக்கொண்டே சின்னவள் சிப்புகளை இரண்டு கையாலும் வாரி இழுத்துக்கொண்டாள். வாரும்போது தெத்துப்பல் தெரிந்தது.

அதிலிருந்து பெரியவள் கோழி கிளறிப் பிழைக்கிற மாதிரிதான் பிழைத்தாள். சிப் தீர்ந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறி, ஒரே மேசையில் ஆறு பேர் மிஞ்சியபோது அவளிடம் நாலு சுற்றுக்குக்கூடத் தாங்காத சிப்தான் இருந்தது. அவளைவிடக் குறைவாக வைத்திருந்தவர் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர்தான். கண்ணாடிக் கடைக்காரர், பூக்கடை அம்மா, ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒருவர், இந்த மூன்று பேரும் நடுத்தரம். சின்னவளின் குவியலுக்குப் பின்னால் அவள் தாடை மட்டும்தான் தெரிந்தது.

தேநீர் இடைவேளை விட்டார்கள். பெரியவள் முகம் கழுவப் போனாள். கழுவிவிட்டு நிமிர்ந்தால் கண்ணாடியில் சின்னவள் பின்னால் நிற்கிறாள்.

"அக்கா, ரொம்பக் கம்மியா இருக்கே உங்ககிட்ட."

"கண்ணு இருக்கு எனக்கு. தெரியுது."

"நான் ஒண்ணு சொல்லவா? உங்ககிட்ட நான் மோதமாட்டேன். நீங்க தள்ளினா மடிச்சுடறேன். எப்படியாவது ஒட்டிட்டு உள்ள வந்துடுங்க."

பெரியவள் காகிதத் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "இப்படியெல்லாம் பேசக்கூடாது. ரெண்டு பேர் ஒப்பந்தம் போட்டுக்கிட்டு ஆடறது தப்பு. ஆட்டம்னா ஆட்டம்தான்."

"சரி, நான் எதுவும் சொல்லல, நீங்க எதுவும் கேக்கல" என்று சின்னவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

ராஜாக்களைத் தின்றபோதுகூட இவ்வளவு எரியவில்லை. கட்டின வீட்டுக்குக் குறை சொல்ல வருகிறவர்களைப் பொறுத்துக்கொள்ளலாம், இரக்கப்பட வருகிறவர்களை எப்படிப் பொறுப்பது?

மறுபடி உட்கார்ந்தார்கள். போக்கரில் கட்டாயப் பந்தயம் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு ஆட்டத்திலும் அடுத்தடுத்த இரண்டு பேர் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே சிப் வைத்தாக வேண்டும். ஒருவருக்குப் பாதி, அடுத்தவருக்கு முழுசு. அந்தக் கடமை ஆட்டத்துக்கு ஆட்டம் இடப்பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். குறைந்த சிப் வைத்திருப்பவருக்கு அது வீட்டுக்குள் புகுந்த எலி மாதிரி. சும்மா உட்கார்ந்திருந்தாலே தின்று தீர்த்துவிடும்.

பெரியவள் அரைப் பந்தயத்தை வைத்தாள். அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த சின்னவள் முழுப் பந்தயம் வைத்தாள். சீட்டு வந்தது. கண்ணாடிக் கடைக்காரர் மடித்தார். மெக்கானிக் மடித்தார். மற்ற இருவரும் மடித்தார்கள். மிச்சம் இவள், இவளுக்குப் பின்னால் சின்னவள் மட்டும்.

கையில் ஏஸும் ஒன்பதும். வேறொரு நாளாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இருக்கிற அத்தனையையும் நடுவில் தள்ளிவிடலாம். ஆனால் இது பபிள். இன்னும் இரண்டு ஆட்டத்தில் முழுப் பந்தயம் மெக்கானிக் தலையில் விழும். அவரிடம் இருப்பதில் பாதி அதிலேயே போய்விடும். அவர் விழுந்துவிட்டால் இவள் ஒரு விரலை அசைக்காமலே உள்ளே போய்விடலாம். ஏஸை மடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு, அந்த மனிதர் எப்போது சரிவார் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் கெட்டிக்காரத்தனம். இந்தக் கணக்கு அவளுக்கு மனப்பாடம். அடுத்தவர் சறுக்குவதற்காகக் காத்துக்கொண்டிருப்பது அவளுக்கு ஒன்றும் புது வேலையுமில்லை.

அப்படியே மடிக்கத்தான் போனாள். பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சின்னவள் இரண்டு சிப்புகளை விரலிடுக்கில் வைத்து டிக் டிக்கென்று தட்டிக்கொண்டிருந்தாள். இவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. 'நீங்க தள்ளினா மடிச்சுடறேன்' என்று சொன்னவள் என்ன செய்கிறாள் பார்ப்போமே என்று ஒரு நினைப்பு. இவள் மடித்தால் கட்டாயப் பந்தயம் மொத்தமும் சும்மாவே அந்தக் குவியலில் போய்ச் சேருமே என்று இன்னொரு நினைப்பு.

"ஆல்-இன்" என்றாள் பெரியவள். இருந்த சிப் அத்தனையையும் மேசையில் போட்டிருந்த பந்தயக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நகர்த்தினாள்.

சின்னவள் தன் சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். வைத்தாள். மறுபடி தூக்கிப் பார்த்தாள். டிக் டிக் நின்றுபோயிருந்தது. கழுத்தைத் தடவிக்கொண்டாள். பிறகு, "எடுத்துக்குங்கக்கா" என்று சீட்டை வீசினாள்.

வீசிய சீட்டு, சீட்டுப் போடும் டீலர் பெண்ணின் விரலில் பட்டு மல்லாந்து விழுந்தது. ஜாக்கி. பக்கத்திலேயே இன்னொரு ஜாக்கி.

"ஜோடி ஜாக்கியையா மடிச்சீங்க?" என்று கண்ணாடிக் கடைக்காரர் தன் கண்ணாடியையே கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டார்.

மெக்கானிக் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "இது போட்டியா, குடும்ப விருந்தா? இவ்ளோ சிப்பை வச்சிக்கிட்டு, அந்தம்மா தள்ளின கொஞ்சத்துக்கு ஜோடி ஜாக்கியை யாராவது மடிப்பாங்களா? அவங்க உள்ள போனா நான்தானே வெளிய போகணும்? மேனேஜரைக் கூப்பிடுங்க."

மேனேஜர் வந்தார். சட்டைப்பையில் பேனாவும் முகத்தில் சலிப்புமாக இருக்கிற மனிதர். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சின்னவளிடம் திரும்பினார். "ஏன்மா மடிச்சீங்க?"

"எனக்கு வேண்டியது கிடைச்சாச்சு சார். அஞ்சு பேருக்கும் ஒரே பரிசுதானே. இன்னும் சிப் சேத்து நான் என்ன பண்ணப்போறேன்? எதுக்கு வம்புன்னு மடிச்சேன்."

மேனேஜர் தாடையைச் சொறிந்தார். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தப்பு என்று அடித்துச் சொல்ல முடியாது. "சந்தேகம் வர்ற மாதிரி ஆடாதீங்க. இந்தத் தடவை விடறேன்" என்று கிளம்பினார்.

அத்தோடு விட்டிருந்தால் முடிந்துபோயிருக்கும். பெரியவளுக்கு ஆட்டமும் சாதகமாகத் திரும்பியிருந்தது. வந்த பந்தயத்தோடு இப்போது மெக்கானிக்கைவிடக் கணிசமாகவே கூடுதல். வாயை மூடிக்கொண்டு இரண்டு ஆட்டம் உட்கார்ந்திருந்தால் போதும்.

ஆனால் மேசையைச் சுற்றி எல்லாரும் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஓரகத்தி போட்ட பிச்சையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒவ்வொரு கண்ணும் சொல்வது போல இருந்தது. அவள் மனசு அதற்குள் வீடு வரைக்கும் ஓடிவிட்டது. மாமியார் சொந்தக்காரர்களிடம் போனில் சொல்வது காதில் விழுந்தது. 'சின்னவ விட்டுக்குடுத்தா, அதனாலதான் பெரியவளும் போறா. அவ மனசு யாருக்கு வரும்?' காலம் பூராவும் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பொங்கி வந்தது. தன் மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத்தடை செய்கிறவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அப்படிச் செய்கிறவர்களுக்கு அந்த நேரத்தில் மூக்கு வலிக்காது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"மேனேஜர் சார்" என்றாள். "அவ பொய் சொல்றா. பிரேக்ல என்கிட்ட வந்து, நீங்க தள்ளினா மடிச்சுடறேன்னு சொன்னா. நான் வேண்டாம்னு சொன்னேன்."

நேர்மையாகச் சொன்னதாகத்தான் குரல் இருந்தது. ஆனால் சொல்லும்போது அவள் பார்த்தது மேனேஜரை அல்ல, சின்னவளின் முகத்தை. அந்தச் சிரிப்பு அணைகிறதா என்று பார்த்தாள். அணைந்தது.

மேனேஜர் திரும்பி வந்து பெருமூச்சு விட்டார். "நிஜமாம்மா?"

"ஆமா சார்" என்றாள் சின்னவள். மறுக்கவில்லை.

"சரி. ஒரு சுற்று முழுக்க வெளிய நில்லுங்க. உங்க சீட்டை ஒவ்வொரு தடவையும் டீலரே மடிச்சுடுவாங்க, கட்டாயப் பந்தயம் உங்க சிப்லேருந்து போகும்." பிறகு பெரியவளைப் பார்த்தார். "நீங்களும் எந்திரிங்கம்மா."

"நானா? நான்தானே வந்து சொன்னேன்."

"எப்ப சொன்னீங்க? அப்படி ஒரு பேச்சு வந்துச்சுன்னா, ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வந்து சொல்லியிருக்கணும். கேட்டுட்டு வந்து உக்காந்தீங்க, தள்ளினீங்க, சிப்பும் எடுத்துக்கிட்டீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே தண்டனைதான்."

ஆட்டமேசையைச் சுற்றி ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். அதைத் தூக்கிவிட்டு இரண்டு பேரும் வெளியே போய் நின்றார்கள். தண்ணீர் கேன் வைத்திருந்த ஸ்டூலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. டீலர் பெண் ஆறு பேருக்கும் சீட்டுப் போட்டாள். ஆளில்லாத இரண்டு நாற்காலிக்கு முன்னால் விழுந்த சீட்டுகளைப் பார்க்காமலே எடுத்து ஓரமாக ஒதுக்கினாள். பெரியவளுக்கு அதைப் பார்க்கவே கை அரித்தது. என்ன சீட்டாக இருந்ததோ.

சின்னவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே பேசினாள். குரலில் வழக்கமான குழைவு இல்லை.

"ஏன் சொன்னீங்க?"

"உன் பிச்சை எனக்கு வேண்டாம்."

"பிச்சையா? நீங்க கூட வரணும்னு ஆசைப்பட்டு மடிச்சேன்னு நெனச்சீங்களா?"

"வேற எதுக்கு?"

"உங்க மூஞ்சிக்கு பயந்துதான்க்கா. நான் மட்டும் போயி நீங்க போகலைன்னு வைங்க, ஒரு வருஷத்துக்கு அந்த மூஞ்சியை நான் படியில பாக்கணும். கார் வாங்கினப்ப எத்தனை மாசம் பேசாம இருந்தீங்க? வெளிய துணி காயப்போட்டா என் துணியைத் தள்ளிவிட்டு உங்க துணியைப் போடறீங்க. அத்தை மாடி ஏறி வந்தா, அவங்க இறங்கிப் போறவரைக்கும் கீழ நீங்க பாத்திரத்தைப் போட்டு உருட்டற சத்தம் மேல கேக்குது. உங்க வயித்தெரிச்சல்ல எங்க வீட்டுத் தரையே சுடுது. இன்னொரு வருஷம் அதுல நிக்க என்னால ஆகாதுன்னுதான் ஜாக்கியைத் தூக்கிப் போட்டேன்."

பெரியவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. இத்தனை வருஷம் இது தன் வயிற்றுக்குள் மட்டும் இருக்கிற விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த கதையாக, வீடே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. பாத்திரம் உருட்டிய சத்தம் வரை.

"உனக்கென்ன தெரியும்" என்றாள். பிறகு, "நாலும் ஒன்பதும் வச்சுக்கிட்டு என் ராஜாவைத் தின்னியே" என்றாள். அந்த நேரத்தில் அவள் வாய்க்கு வந்தது அதுதான்.

"சீட்டு வந்தா நான் என்ன பண்ணட்டும்? வேண்டாம், போயிட்டு வான்னு திருப்பி அனுப்பவா?"

உள்ளே அடுத்த ஆட்டம் ஆரம்பமாகியிருந்தது. முழுப் பந்தயம் இப்போது மெக்கானிக்கிடம். பாதி அதிலேயே போய்விட்டது. ரயில்வேக்காரர் மடித்தார். பூக்கடை அம்மா பந்தயத்தை ஏற்றினார். கண்ணாடிக் கடைக்காரர் மடித்தார். மெக்கானிக் தன் சீட்டை ரொம்ப நேரம் பார்த்தார். மிச்சமிருந்த நாலைந்து சிப்பைத் தொட்டுப் பார்த்தார்.

பெரியவள் கயிற்றின் மேல் குனிந்து பார்த்தாள். மடிப்பாரா? மடித்தால் அவர் கையில் அந்த நாலைந்துதான் மிஞ்சும். ஆனால் தண்டனைச் சுற்றில் இவள் சிப்பையும் எலி தின்ன ஆரம்பித்துவிடும். உள்ளே உட்கார்ந்திருந்தால் இந்த நேரம் தன் கை சும்மா இருந்திருக்காது, சின்னவள் மேல் இருக்கிற கோபத்தில் எந்தக் குப்பையையாவது வைத்துக்கொண்டு மறுபடி தள்ளியிருப்போம் என்று தோன்றியது. அது உண்மை என்றும் தெரிந்தது.

"பாத்துடலாம்" என்று மெக்கானிக் எல்லாவற்றையும் தள்ளினார்.

சீட்டைத் திருப்பினார்கள். மெக்கானிக்கிடம் ராணியும் ஜாக்கியும். பூக்கடை அம்மாவிடம் ஜோடி ஆறு. நடுவில் மூன்று சீட்டு விழுந்தது. அதில் ஒரு ராணி. மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். பெரியவள் தன்னையறியாமல் பக்கத்திலிருந்த கையைப் பிடித்தாள். ஸ்டூலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சின்னவளும் எப்போதோ நெருங்கி வந்திருந்தாள். நாலாவது சீட்டு ஒன்றுக்கும் ஆகாதது. டீலர் பெண் கடைசிச் சீட்டைத் திருப்பினாள்.

ஆறு.

மெக்கானிக் எழுந்து பூக்கடை அம்மாவுக்குக் கை கொடுத்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு கயிற்றைத் தாண்டியவர், இவர்கள் இருவர் முன்னாலும் நின்றார்.

"வெளிய நின்னே உள்ள போயிட்டீங்களேம்மா" என்றார் பெரியவளிடம். திட்டுவதாகவும் இல்லை, வாழ்த்துவதாகவும் இல்லை. மாடிப்படியில் இறங்கிப் போய்விட்டார்.

ஐவரும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் முதலில் சின்னவளுக்குத்தான் கை கொடுத்தார்கள். பெரியவள் அதையும் கவனித்தாள். பிடித்திருந்த கையை அவள் எப்போது விட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கும்போது பெரியவள், "தண்டனை விஷயத்தை அத்தைகிட்ட சொல்லாத" என்றாள். சின்னவள் என்ஜினை அணைத்துவிட்டு, "நான் எதுக்குச் சொல்றேன்? என் ஜாக்கிக்கும் சேத்துத்தானே அவமானம்" என்றாள். மாமியார் கதவைத் திறந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேருமே போறீங்களா?" என்று கேட்டுவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று கீழேயே உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டார். ஜாக்கி வரும் இடத்தில் சின்னவள் ஒரு தாண்டு தாண்டி மேலே சொல்லிவிட்டாள்.

கடற்கரை நகரத்துப் பெரும்போட்டி ஒரு மாசம் கழித்து நடந்தது. மைதானம் போன்ற கூடம், கண்ணுக்கெட்டிய தூரம் மேசை. சின்னவள் முதல் மணி நேரத்திலேயே எட்டும் மூன்றும் வைத்துக்கொண்டு ஒரு தாடிக்காரரிடம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு வெளியேறினாள். இந்தத் தடவை கடைசிச் சீட்டு அவளைத் தேடி வரவில்லை. தூரத்து மேசையிலிருந்து பெரியவள் அவள் எழுந்து போவதைப் பார்த்தாள். உச்சந்தலையில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றியது போல இருந்தது. வெட்கப்படுமளவுக்குச் சந்தோஷம்.

அதற்குப் பிறகு அவள் ஆடியது நல்ல ஆட்டம். மடிக்க வேண்டியதை மடித்தாள், தள்ள வேண்டியதைத் தள்ளினாள். அடுக்கு வளர்ந்தது. ஆனால் ஒரு பெரிய ஆட்டத்தை ஜெயித்துச் சிப்பை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் முன்பின் தெரியாதவர்கள். ஜெயித்தது ஜெயித்த மாதிரியே இல்லை.

இடைவேளையில் வெளியே வந்தாள். ஹோட்டல் முகப்பில் சின்னவள் நாலு பேர் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தோற்கடித்த தாடிக்காரரும் அதில் ஒருவர். ஏதோ சொல்ல, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். தோற்றவளுக்கு இவ்வளவு கொண்டாட்டமா? உள்ளே இவ்வளவு சிப் சேர்த்துவிட்டு வந்த தன்னை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. வயிறு மறுபடி பற்றிக்கொண்டது. இத்தனை தூரம் வந்தும் அது கூடவே வந்திருந்தது.

சின்னவள் இவளைப் பார்த்துவிட்டாள். "இவங்கதான் எங்க அக்கா. இன்னும் உள்ள இருக்காங்க" என்றாள் மற்றவர்களிடம். அவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். பெரியவள் உட்காரவில்லை.

"இங்க உக்காந்து என்ன பண்ற?"

"சும்மாதான். ஏன்க்கா?"

"உள்ள என் மேசைக்குப் பின்னாடி வேடிக்கை பாக்க இடம் விட்டிருக்காங்க. வந்து நில்லேன்."

சின்னவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் பக்கத்துல நின்னா உங்களுக்கு ஆகாதே."

"ஆகாதுதான்" என்றாள் பெரியவள். "இருந்தாலும் வந்து நில்லு. நான் ஜெயிக்கறதை நீ பாக்கணும்."

சின்னவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கூடத்துக் கதவு வரைக்கும் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் நடந்தார்கள்.